கிளைப் பருமன் பற்றிய தீர்மானம்

அந்தப் பறவைப் பூங்காவில் மாதக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, கூட்டத்துக்கு முந்தின நாளே தயாராகிவிடும். வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. எட்டு வருடங்களுக்கு முன்னால், வாத்துக் குளத்துக்கு வேலி வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கூட்டம் காலை பதினோரு மணிக்குத் தொடங்கி இருட்டும்வரை இழுத்தது. கடைசியில் இயக்குநர் ஃபைலை மூடிக்கொண்டு, "முடிவை முதல்ல எழுதிட்டு அப்புறமா கூட்டம் போட்டா என்ன குடிமுழுகிப் போயிடும்?" என்று கேட்டார். எரிச்சலில் கேட்டதுதான். ஆனால் அவர் எரிச்சலில் கேட்பதையும் உத்தரவாக எடுத்துக்கொள்வது அங்கே பழக்கம்.

அடுத்த மாதத்திலிருந்து புதன்கிழமை மதியம் தாள் கைக்கு வந்துவிடும். வியாழன் பதினோரு மணிக்கு எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தங்கள் பதவிக்கு எதிரே எழுதியிருப்பதைப் பேசிவிட்டு எழுந்து போவார்கள். 'அவையில் சிரிப்பு' என்று இருந்தால் சிரிப்பார்கள். ஒருமுறை 'தேநீர் வழங்கப்பட்டது' என்று இருந்தது, தேநீர் வரவில்லை. எல்லோரும் குடித்த மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு கலைந்தார்கள்.

அவள் அங்கே பருந்து, வல்லூறு, ஆந்தைகளுக்குப் பொறுப்பாளர். முதுகுக்குப் பின்னால் 'ஆந்தைக்காரி'. அது அவளுக்கும் தெரியும், வருத்தமில்லை. குறிப்பில் அவளுக்கு எதிரே எப்போதும் ஒரே சொல்தான் இருக்கும்: 'வழிமொழிந்தார்'. நிஜத்தைச் சொன்னால் அந்த ஏற்பாடு அவளுக்கு வசதி. என்ன பேசலாம், எப்போது பேசலாம் என்று தவிக்க வேண்டியதில்லை. வீட்டிலும் இப்படி ஒரு தாள் முந்தின நாளே வந்துவிட்டால் தேவலை என்றுகூட நினைத்திருக்கிறாள்.

அந்த மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் வந்தார். அவள் கொம்பன் ஆந்தையைத் துண்டில் சுற்றி மடியில் மல்லாத்திப் பிடித்துக்கொண்டாள். லாரியில் அடிபட்டு இடது இறக்கை ஒடிந்து வந்து சேர்ந்த பறவை, இனிப் பறக்காது. இரண்டு மஞ்சள் கண்களும் அவளுடைய மூக்கையே முறைத்தன. டாக்டர் வலது காலை விரித்தார். பாதத்தின் அடியில் பட்டாணி அளவுக்குச் சிவந்து வீங்கியிருந்தது. இடது பாதத்திலும் சிவப்பு தொடங்கியிருந்தது.

"எதுமேல நிக்குது இது?"

"பிளாஸ்டிக் குழாய், டாக்டர். தற்காலிகக் கூண்டுதானே…"

"எத்தனை நாளா தற்காலிகம்?"

"நாலு மாசமா."

டாக்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஒரே பருமன், ஒரே வழவழப்பு. எந்நேரமும் ஒரே இடத்துல அழுத்தம். இன்னும் ஒரு மாசம் இப்படியே நின்னா எலும்புக்குப் போயிடும்மா. போயிடுச்சுன்னா மருந்து கிடையாது. கடைசி ஊசியை எடுத்துக்கிட்டுத்தான் நான் வரணும். புதுக் கூண்டு எப்ப?"

"வியாழக்கிழமை முடிவாகுது."

"நல்ல கிளையா பாத்து வைங்க. பறக்க முடியாதது நின்னேதான் காலத்தை ஓட்டணும்."

குழாயில் அவள் ஏற்கெனவே ஒருதரம் சாக்கைச் சுற்றிப் பார்த்திருந்தாள். பட்டியலில் இல்லாத பொருள் என்று சாமான் சரிபார்க்க வந்தவர் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கூண்டில் ஒரு ஆணி அடிக்கவும் தீர்மானம் வேண்டும்.

புதுக் கூண்டை வரைகிற வேலை அவளுடைய நாத்தனாருக்குப் போயிருந்தது. அதுவும் அவள் செய்த கூத்துதான். நாத்தனார் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்பவள். அண்ணன் குடும்பத்துக்கு மேலே மாடியில் குடியிருந்தாள். "அண்ணி, உங்க ஆபீஸ்ல ஏதாவது இருந்தா என் பேரை ஒரு வார்த்தை சொல்லி வைங்களேன்" என்று ஒருநாள் கேட்டாள். பறவைப் பூங்காவில் வரவேற்பறை ஏது, என்ன வந்துவிடப் போகிறது என்று அவளும் சொல்லிவைத்தாள். இயக்குநர் அன்றைக்குப் பார்த்துக் காதைத் திறந்து வைத்திருந்தார்.

செவ்வாய் மாலை நாத்தனார் படத்தோடு இறங்கி வந்தாள்.

"அண்ணி, கண்ணை மூடுங்க. திருட்டுத்தனமா பாக்கக் கூடாது. ம்… இப்ப திறங்க!"

சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடியும் தண்ணீர்ச் செம்பும் இரண்டு டம்ளர்களும் நான்கு மூலைகளை அழுத்திக்கொண்டிருக்க, ஆந்தைக் கூண்டு விரிந்து கிடந்தது. பளபளவென்று மூன்று ஸ்டீல் கம்பிகள், ஒரே பருமன், ஒரே உயரம், மூன்றும் முன்பக்கம். தரையில் வெள்ளைக் கூழாங்கல். வரிசையாகத் தொட்டிகளில் இளஞ்சிவப்பு அரளி. இரண்டு மூலையிலும் ஆளுயரக் கள்ளி. பின்சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி.

"கண்ணாடி எதுக்கும்மா?"

"இடம் பெரிசா தெரியும் அண்ணி. அதோட உங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு ஆந்தை. பாக்கறவங்களுக்கு ரெண்டா தெரியும்ல!"

ஆந்தைக்கும் ரெண்டாத் தெரியுமே என்று அவள் நினைத்தாள். கண்ணாடிக்குள் இருப்பதோடு சண்டை போட்டே அலகை உடைத்துக்கொள்ளும். அரளி இலை விஷம். கள்ளி முள் கண்ணில் ஏறும். கம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான்கும் நாக்கு நுனிவரை வந்து வரிசையில் நின்றன. நாத்தனார் முகத்தைப் பார்த்தாள். மார்க் சொல்லப்போகிறார்கள் என்று காத்திருக்கும் பெண்ணின் முகம்.

"ரொம்ப நல்லாருக்கும்மா."

"பாத்தியாண்ணா? அண்ணிக்கே பிடிச்சிருக்கு!"

"அவளுக்கு எதுதான் பிடிக்கல?" என்றார் கணவர் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்காமல். "உப்பில்லாத குழம்பையும் நல்லாருக்குன்னு சாப்பிடறவ."

பாத்திரம் கழுவும்போது அவள் தன்னையே குடைந்தாள். இந்த 'நல்லாருக்கு' எங்கிருந்து வருகிறது? பயமா? நாத்தனாரிடம் பயப்பட என்ன இருக்கிறது. பாசமா? பாசம்தான் என்று பல வருடங்கள் நம்பியிருந்தாள். எதிரே ஒரு முகம் ஆசையாய் விரிந்து நிற்கும்போது அதை மூடுகிற கை தன் கையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று. ஆனால் இன்னும் கொஞ்சம் கீழே தோண்டினால் அங்கே அந்த முகமே இல்லை, இவள் முகம்தான் இருந்தது. நல்லவள் என்ற பெயர். கல்யாணமாகிப் பதினேழு வருடங்களாக அதைக் கறைபடாமல் மடித்து வைப்பதற்கே நேரம் சரியாக இருந்தது. அந்த மடிப்பு கலையாமலிருக்க இப்போது ஓர் ஆந்தை தன் காலைக் கொடுக்க வேண்டும்.

புதன்கிழமை மதியம் தாள் வந்தது. நான்காவது பொருள்: 'ஆந்தைக்கான திறந்தவெளிக் கூண்டு. வடிவமைப்பாளரின் திட்டம் ஒருமனதாக ஏற்கப்பட்டது. பறவைப் பொறுப்பாளர், ஸ்டீல் கம்பிகளை மனமார வரவேற்று வழிமொழிந்தார்.'

'மனமார' என்ற சொல்லை அவள் இரண்டு தரம் படித்தாள். பிறகு எழுந்து, கோப்பு அறைக்குப் பக்கத்து அறைக்குப் போனாள். குறிப்பு எழுதும் அம்மாள் அங்கே காலை ஒரு முக்காலிமேல் நீட்டி, பட்டாணி கொறித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்த நாலாவது… கொஞ்சம் மாத்த முடியுமா?"

"எழுத்துப்பிழையா?"

"இல்லக்கா. நான் அதை வரவேற்கல."

அம்மாள் காலை இறக்கினார். கதவைச் சாத்தச் சொன்னார். "திரும்பச் சொல்லுங்க?"

"வரவேற்கல. அந்தக் கம்பியில நின்னா கால் போயிடும்க்கா. ஆந்தைக்கு."

"அப்படின்னா நாளைக்கு எழுந்து சொல்லுங்க."

"தாள்ல இல்லாததை எப்படி…"

"அதுதானே! நீங்க பேசினதை நான் எழுத முடியாது, நான் எழுதினதைத்தான் நீங்க பேசணும். எட்டு வருஷமா அப்படித்தானே ஓடுது." அம்மாள் தட்டச்சுப் பலகையை இழுத்து வைத்துக்கொண்டார். "சரி, என்னன்னு போடட்டும்? எதிர்த்தாரா, கடுமையா எதிர்த்தாரா?"

"லேசா எதிர்த்தா போதுமே."

"லேசாங்கறது இந்த ஆபீஸ்ல செல்லாதும்மா. லேசா எதிர்த்தவங்க எல்லாம் வழிமொழிஞ்சவங்க கணக்குலதான் இருக்காங்க. 'கடுமையாக'ன்னு போடறேன். மேசையைத் தட்டினீங்களா?"

"ஐயோ, வேண்டாம்."

"தட்டினீங்க." டக் டக்கென்று சாவிகள் விழுந்தன. "இந்த இடத்துல ஒரு தட்டு இருந்தாத்தான் எடுப்பா இருக்கும். ம், உங்களுக்கு என்ன கிளை வேணும்? சொல்லுங்க."

ஒருவர் விரலைச் சாவிமேல் வைத்துக்கொண்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பது அவளுக்குப் புதிது. முதலில் தடுமாறினாள். பிறகு கொட்டினாள். பட்டை சொரசொரப்பான மாமரக் கிளைகள். கொய்யா வேண்டாம், அது வழுக்கும். ஒன்று கைப்பிடி அளவு, ஒன்று முழங்கை அளவு, ஒன்று நடுவே முடிச்சும் வளைவுமாக. ஒவ்வொன்றிலும் பாதத்தின் வேறுவேறு இடம் அழுந்த வேண்டும். விரல்கள் கிளையை முக்கால் வட்டம் பிடிக்க வேண்டும், நகத்தோடு நகம் முட்டக் கூடாது. இரண்டில் நார்க்கயிறு சுற்ற வேண்டும். பறக்க முடியாததால், தரையிலிருந்து படிப்படியாக ஏறுகிற மாதிரிச் சாய்வாக வைக்க வேண்டும். உயரமான கிளை பின்மூலையில், கூரைக்குக் கீழே. அதற்கு முன்னால் மூங்கில் புதரும் சவுக்கும், என்றைக்கும் இலை கொட்டாமல் அடர்த்தியாக. முள்ளும் விஷமும் எதுவும் கூடாது. கண்ணாடி கூடவே கூடாது.

அம்மாள் மூச்சு வாங்கினார். "இவ்வளவும் உள்ளே வச்சுக்கிட்டா இருந்தீங்க? டைரக்டர், 'ஆந்தை வெளியே தெரியுமா'ன்னு கேப்பார். 'பொறுப்பாளர் தக்க விளக்கம் அளித்தார்'னு போட்டுட்டேன். அது என்ன விளக்கம்னு நீங்களே பாத்துக்கங்க. கடைசியில வடிவமைப்பாளர் ஏத்துக்கறாங்க. முடிஞ்சுது."

"அவ ஏத்துக்குவாளா?"

"எழுதியாச்சே."

வியாழன் பதினோரு மணிக்கு மேசையைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்தார்கள். எல்லோர் கையிலும் புதுத் தாள் இருந்தது, விருந்தாளியாக வந்திருந்த நாத்தனாரைத் தவிர. விருந்தாளிக்குத் தாள் கொடுக்கும் வழக்கமில்லை. அவள் புதுச் சேலையில், மாதிரிக்காக ஒரு முழ நீள ஸ்டீல் கம்பியும் அதைத் தாங்க இரண்டு கட்டையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தாள். படத்தை விரித்து அழகாக விளக்கினாள்.

இயக்குநர் தாளில் விரலை ஓட்டினார். "அடுத்து பறவைப் பொறுப்பாளர் எதிர்க்கணும். ம், எதிருங்க."

அவள் எழுந்தாள். மேசையைத் தட்டினாள், கதவைத் தட்டி 'உள்ளே வரலாமா' என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"மேடம், 'கடுமையாக'ன்னு போட்டிருக்கு," என்றார் இயக்குநர்.

மறுபடி தட்டினாள். பேனா வைத்திருந்த டப்பா உருண்டு விழுந்தது. கை எரிந்தது. அந்த எரிச்சலில் வாய் திறந்துகொண்டது. தாளில் இருந்ததை ஒன்று விடாமல் படித்தாள். நாத்தனாரின் பக்கம் திரும்பவே இல்லை.

"புதரா வச்சா ஆந்தை வெளியே தெரியுமா?" என்று இயக்குநர் தன் பங்கைக் கேட்டார்.

"மறையறதுக்கு இடம் இருந்தாதான் சார், பயம் இல்லாம வெளியே வரும்."

"தக்க விளக்கம்தான்," என்று அவர் டிக் அடித்தார். "அடுத்து, வடிவமைப்பாளர் ஏத்துக்கணும். சொல்லுங்கம்மா, ஏத்துக்கறீங்க."

"நான் ஏன் ஏத்துக்கணும்?" என்றாள் நாத்தனார். முகம் சுண்டிப் போயிருந்தது. "அண்ணி, முந்தாநேத்து வீட்ல ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னீங்களே! அண்ணன் சாட்சி!"

அறையில் இருந்த எல்லோரும் அவசரமாகத் தாளைப் பார்த்தார்கள். அந்த வரி எதிலும் இல்லை. கணக்கர் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். குறிப்பு எழுதும் அம்மாள் கையைத் தூக்கியபடி உறைந்திருந்தார்.

இயக்குநர் நெற்றியைத் தடவினார். "இது எதிர்பாராத விஷயம். பொருளை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சிடலாம். அதுக்குள்ள சரியா ஒரு குறிப்பு எழுதிட்டு…"

அடுத்த மாதம். பட்டாணி அளவு வீக்கம், டாக்டரின் ஊசிப் பெட்டி. அவள் தாளைக் கீழே வைத்தாள். எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளக் கூடாது சார். அவ சொல்றது உண்மைதான். நல்லாருக்குன்னு சொன்னேன். அது பொய்." நாத்தனாரை நேராகப் பார்த்தாள். "அது மட்டும் இல்லம்மா. எங்க படுக்கையறைக்கு நீ ஊதா அடிச்சப்போ நல்லாருக்குன்னு சொன்னதும் பொய். ஒன்பது வருஷமா அந்தச் சுவரைப் பாத்துத்தான் கண்ணு முழிக்கறேன்."

"அண்ணி!"

"தொங்குற விளக்கும். தினமும் தலையில இடிச்சுக்கறேன்."

'அவையில் சிரிப்பு' என்று எழுதியிருக்கவில்லை. அதனால் யாரும் சிரிக்கவில்லை. தோட்டப் பிரிவுக்காரர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார்.

நாத்தனாரின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "எனக்குத் தெரியாதது இருந்தா சொல்லித் தரணும். இப்படி நாலு பேர் நடுவுல… ஸ்டீல் கம்பியில என்ன குறை? துரு பிடிக்காது, சுத்தம்! இதுல நின்னா என்ன ஆயிடும்?"

"செருப்பைக் கழட்டிட்டு நின்னு பாரு."

தான் அப்படிச் சொல்வோம் என்று அவளே நினைக்கவில்லை. நாத்தனாருக்கு ரோஷம் அதிகம். கம்பியையும் கட்டைகளையும் தரையில் இறக்கி வைத்து, செருப்பை உதறி, இயக்குநரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றாள். ஒரு நிமிடம் நிமிர்ந்த தலையோடு நின்றாள். இரண்டாவது நிமிடம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினாள். மூன்றாவது நிமிடத்தில் உதட்டைக் கடித்தாள்.

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"அது நாலு மாசமா நிக்குது."

நாத்தனார் இறங்கி உட்கார்ந்தாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். நடுவே ஒரு சிவப்புக் கோடு. அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், யாரையும் பார்க்காமல் கேட்டாள்:

"ஒண்ணு தடி, ஒண்ணு மெல்லிசுன்னா என் வரிசை என்ன ஆகும்?"

"போயிடும்."

"கண்ணாடி?"

"வேண்டாம்மா."

"சரி. ஆனா கிளையை நான்தான் தேர்ந்தெடுப்பேன். கண்ட விறகையும் கொண்டுவந்து சொருக விடமாட்டேன்."

"இதை ஏத்துக்கிட்டதா எழுதலாமா?" என்று இயக்குநர் கேட்டார். குறிப்பு எழுதும் அம்மாள் எட்டு வருடத்தில் முதல்தடவையாக, கூட்டம் நடக்கும்போதே வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் கூண்டு தயாரானது. அந்தப் பத்து நாளும் நாத்தனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, முடிச்சு உள்ள கிளை மேலயா கீழயான்னு உன் பொண்டாட்டியைக் கேளு" என்பாள். "அவ அங்கதானே உட்கார்ந்திருக்கா, நீயே கேளேன்" என்று கணவர் சலித்துக்கொள்வார். ஆனால் மரமறுக்கும் இடத்துக்கும் நாற்றுப் பண்ணைக்கும் நாத்தனாரே அலைந்தாள். டேப்பை வைத்து ஒவ்வொரு கிளையையும் அளந்தாள். மூங்கில் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, இலை அடர்த்தியான பக்கம் எது என்று பார்த்து வைத்தாள். நார்க்கயிற்றை அவள் சுற்றின சுற்றில் ஒரு பிசிறு இல்லை. வேலையில் அவள் கெட்டிக்காரி. அதைக்கூடத் தான் இத்தனை வருடம் உண்மையாகப் பார்த்ததில்லையே என்று இவளுக்கு உறைத்தது. எல்லாவற்றையும் நல்லாருக்கு என்று சொல்லி வைத்ததில், நிஜமாகவே நன்றாக இருந்தது எது என்பது தெரியாமலே போயிருந்தது.

இவளுக்கு வீடு கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது. நல்லவள் என்ற பெயர் போன இடம், பல் விழுந்த இடம் மாதிரி, நாக்கு அடிக்கடி போய்த் தடவிப் பார்த்தது.

பார்வையாளர்கள் கூண்டின் முன் நின்று, "ஒண்ணும் இல்லையே, காலிக் கூண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இயக்குநர் 'உள்ளே ஆந்தை உள்ளது' என்று ஒரு பலகை மாட்டினார். அதற்குப் பிறகு கூட்டம் கூடியது. பலகையைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கூண்டு மாற்றிய முப்பதாம் நாள் காலை டாக்டர் வந்தார். அவள் மூங்கிலை விலக்கிக்கொண்டு உள்ளே போய், கூரைக்கடியில் முடிச்சுக் கிளையில் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்ததைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தாள். டாக்டர் பாதத்தை விரித்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார், விரலால் அழுத்தினார்.

"பொருக்கு உதிர்ந்துடுச்சு. கீழே புதுத் தோல். பாருங்க, நல்ல பாதத்துல இருக்கற அந்த மணல் மாதிரி சொரசொரப்புகூடத் திரும்பி வருது." அவர் அடுத்த காலையும் பார்த்தார். "பொழச்சுது."

டாக்டர் போனதும் ஆந்தையைத் தரையில் விட்டாள். அது சிறகைச் சிலிர்த்து, சாய்வுக் கிளையில் ஒவ்வோர் அடியாக ஏறி, இலைகளுக்குப் பின்னால் போய்விட்டது. வலைக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார், கையில் தண்ணீர் ஊற்றும் பூவாளியோடு நின்றிருந்தாள்.

"கால் எப்படி இருக்கு?"

நாற்பது நாளில், நடுவில் அண்ணன் இல்லாமல் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"ஆறிடுச்சு. ரெண்டும்."

நாத்தனார் தலையாட்டினாள். உள்ளே வந்து மூங்கிலுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். மேலே இலைகளுக்குள் ஏதோ செருமியது. தொப்பென்று சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை அவள் காலருகே விழுந்தது. அவள் பூவாளியோடு இரண்டடி பின்னால் தாவினாள்.

"ஐயையோ, என்ன அண்ணி இது? மறுபடி நோவா?"

"நோவெல்லாம் இல்ல. முழுங்கினதுல செரிக்காத எலும்பு, முடி எல்லாத்தையும் உருண்டையாக்கி வாய் வழியா வெளியே தள்ளும். பழைய கூண்டுல சரியாத் தள்ளவே இல்ல."

நாத்தனார் குனிந்து, மூங்கில் குச்சியால் அதை மெல்லப் புரட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவா உள்ள இருந்துச்சு?" என்றாள்.